பதிவேட்டின் இரகசியமும் கைபேசியின் தடயமும்: தோல் தொழில் வட்டாரப் பெண்களின் இனப்பெருக்க நலமும் தரவு அந்தரங்கமும்

கருக்கலைப்பு செய்துகொள்ளும் பெண்ணின் பெயர், மருத்துவமனையில் ஒரே ஒரு பதிவேட்டில் மட்டுமே எழுதப்படலாம் என்கின்றன 2003ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்பு ஒழுங்குமுறைகள். நோயாளிக் குறிப்பேடு, அறுவை அரங்கப் பதிவேடு, தொடர்சிகிச்சை அட்டை ஆகிய எதிலும் அவர் பெயர் இருக்கலாகாது. சேர்க்கைப் பதிவேட்டின் வரிசை எண் மட்டுமே இருக்க வேண்டும். அந்தச் சேர்க்கைப் பதிவேடு ஓர் இரகசிய ஆவணம். கடைசிப் பதிவு நாளிலிருந்து ஐந்தாண்டுகள் கழிந்ததும் அது அழிக்கப்பட வேண்டும்.

காகிதக் காலத்தில் எழுதப்பட்ட நல்ல விதி இது. ஆனால் இன்று அதே பெண் மருத்துவமனைக்குச் செல்லும் முன்பே அவரது கைபேசி பல இடங்களில் பதிவு செய்துவிடுகிறது: தேடிய சொல், அழைத்த எண், சென்ற வழி, செலுத்திய தொகை, வந்த குறுஞ்செய்தி. மருத்துவர் வாய் திறவாவிட்டாலும் கைபேசி சொல்லிவிடும். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு எனப் பாலாற்றங்கரையை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தின் தலித் பெண்களுக்கு இந்த இடைவெளி எதைக் குறிக்கிறது, சட்டம் எதுவரை துணை நிற்கிறது, எங்கே கைவிடுகிறது, நாம் செய்யத்தக்கது என்ன என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

ஏன் இந்த வட்டாரம்?

தோல் பதனிடுதல் சாதியால் விதிக்கப்பட்ட உழைப்பாக இருந்து, பின்னர் ஏற்றுமதித் தொழிலாக உருமாறியது. பதனிடும் தொட்டிகளில் பெரும்பாலும் தலித் ஆண்கள் உழைக்க, காலணி மேற்பகுதி தைக்கும் கூடங்களில் பெண்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆலைப் பேருந்துகள் அவர்களை ஏற்றிவந்து இறக்குகின்றன. இன்னும் பலர் வீட்டிலேயே அமர்ந்து, ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலியில் காலணி மேற்பகுதியைக் கையால் தைக்கின்றனர். ஆலைப் பெண்ணுக்கு மேற்பார்வையாளரின் கண்காணிப்பு. வீட்டுத் தொழிலாளிக்குக் குடும்பத்தின் கண்காணிப்பு. இருவருக்கும் பொதுவானது, ஊராரின் கண்காணிப்பு.

பணம் படைத்த குடும்பத்துப் பெண் அந்தரங்கத்தை விலைக்கு வாங்க முடியும். தொலைநகரில் தனியார் மருத்துவமனை, தனி அறை, சொந்த வாகனம் எல்லாம் அவருக்கு உண்டு. சேரிப் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு மருத்துவமனையும் ஈ.எஸ்.ஐ. மருந்தகமும்தான் வாய்ப்பு. அங்கே வரிசையில் நிற்பவர் அண்டை வீட்டாராக இருப்பார். சீட்டு எழுதுபவர் அடுத்த தெருக்காரராக இருப்பார். ஊரிலுள்ள சாதி உறவுகளே அந்த வளாகத்துக்குள்ளும் தொடர்கின்றன. சாதி மறுத்துக் காதலித்த பெண்ணோ, மணமாகாமல் கருவுற்றவரோ, கணவரின் வன்முறைக்கு இடையில் இன்னொரு பிள்ளை வேண்டாம் என்பவரோ அங்கே அடையாளம் காணப்பட்டால் அதன் விளைவு வெறும் வம்புப் பேச்சோடு நிற்பதில்லை. உடுமலைப்பேட்டையில் 2016இல் பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வட்டாரத்துக்கே சொந்தமான ஒரு பாடமும் உண்டு. 2015 ஜூனில், மணமான பெண் ஒருவர் காணாமற்போன வழக்கில் ஆம்பூரைச் சேர்ந்த ஷமீல் அகமது என்ற இளைஞரைப் பள்ளிகொண்டா காவல்துறையினர் விசாரித்தனர். பின்னர் அவர் மருத்துவமனையில் உயிரிழந்தார். காவல் சித்திரவதையே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஜூன் 27 அன்று ஆம்பூரில் பெரும் வன்முறை மூண்டது. சில நாள்களில் அப்பெண் சென்னையில் கண்டறியப்பட்டு உயர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவர் வயதுவந்த பெண். தன் வாழ்வைத் தானே முடிவு செய்யும் உரிமை உடையவர். ஆயினும் அவர் பெயரும் படமும் மணவாழ்வும் தமிழகமெங்கும் செய்தியாயின. அவர் பெயரை நாம் இங்கு எழுதவில்லை. ஒரு பெண்ணின் தனிவாழ்வு பொதுவெளிக்கு இழுத்துவரப்படும்போது, அவரும் அவரோடு தொடர்புடையவர்களும் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை அந்த நாள்கள் காட்டின.

சட்டம் தரும் உரிமைகள்

1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. அதன்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் குறிப்பிட்ட பிரிவினருக்கு இரு மருத்துவர்களின் கருத்து வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானோர், 18 வயதுக்கு உட்பட்டோர், கருவுற்றிருக்கையில் கணவரை இழந்தோர் அல்லது மணமுறிவு பெற்றோர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோர் அப்பிரிவினர். கருவில் பெருங்குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டறிந்தால் 24 வார வரம்பு பொருந்தாது. கருத்தடை முறை பயனளிக்காததும் ஏற்கத்தக்க காரணமே. முன்பு 'மணமான பெண்ணும் அவர் கணவரும்' என்றிருந்த இடத்தில் இப்போது 'பெண்ணும் அவர் துணையும்' என்று சட்டம் சொல்கிறது.

2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் மேலும் ஓர் அடி முன்னே சென்றது. 20 முதல் 24 வாரப் பிரிவில் மணமாகாத பெண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றது. வயதுவந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். கணவர், பெற்றோர் ஆகியோரின் ஒப்புதலையோ சட்டத்தில் இல்லாத ஆவணங்களையோ மருத்துவர்கள் கேட்கலாகாது என்றும் தெளிவுபடுத்தியது. 'வீட்டுக்காரரைக் கூட்டிவா' என்று ஒரு மருத்துவமனை சொன்னால், அது சட்டத்துக்குப் புறம்பான நிபந்தனை.

அந்தரங்கத்தைப் பொறுத்தவரை 2021 திருத்தம் 5அ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையோ பிற விவரங்களையோ, சட்டப்படி அதிகாரம் பெற்றவர் தவிர வேறெவருக்கும் மருத்துவர் வெளியிடலாகாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது தண்டத்தொகை, அல்லது இரண்டும். இதற்கு அடித்தளமாக இரு தீர்ப்புகள் உள்ளன: பிள்ளை பெறுவதும் பெறாதிருப்பதும் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் தனிமனித உரிமை என்ற 2009ஆம் ஆண்டின் சுசிதா ஸ்ரீவஸ்தவா தீர்ப்பு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து உரைத்த 2017 ஆகஸ்டு 24 புட்டசாமி தீர்ப்பு.

இவ்வளவும் மருத்துவரின் வாயைக் கட்டுகின்றன. சீட்டு எழுதும் பணியாளர், ஆய்வகம், மருந்துக் கடை, செயலி நிறுவனம், தொலைத்தொடர்பு நிறுவனம் ஆகியோரை 5அ பிரிவு பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. மருத்துவத் தகவலை நுண்ணிய தரவு எனத் தனியே வகைப்படுத்தியவை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகள். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அத்தகைய தனி வகையே இல்லை. உடல்நலத் தகவலும் ஒரு கைபேசி எண்ணும் ஒரே தட்டில் வைக்கப்பட்டுள்ளன. அச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அரசுக்கோ அகன்ற விலக்குகள் தரப்பட்டுள்ளன.

தடயங்கள் எங்கெங்கே பதிகின்றன?

ஒரு பெண்ணின் பயணத்தைப் பின்தொடர்ந்து பார்த்தால் இது விளங்கும்.

முதலில் தேடல். 'மாதவிலக்குத் தள்ளிப்போனால்' என்று தேடியது கைபேசியில் மட்டுமன்றிக் கூகுள் கணக்கிலும் பதிகிறது. கைபேசி வாங்கிய நாளில் அந்தக் கணக்கைத் தொடங்கித் தந்தவர் அண்ணனாகவோ கைபேசிக் கடைக்காரராகவோ இருந்தால், கடவுச்சொல் அவருக்கும் தெரிந்திருக்கும். வேறொரு கருவியிலிருந்தே அவர் அதைப் படித்துவிடலாம்.

அடுத்து அழைப்பு. யார் யாரை எப்போது அழைத்தார் என்ற விவரத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குறைந்தது ஈராண்டு வைத்திருக்க வேண்டும் என 2021 டிசம்பரில் உரிம நிபந்தனை திருத்தப்பட்டது. சிம் கணவர் பெயரில் இருந்தால், நிறுவனத்தின் செயலி வழியாகவோ சேவை மையம் வழியாகவோ அவ்விவரம் அவர் கைக்கு எட்டக்கூடும். கைபேசியில் அழைப்புப் பட்டியலை அழித்தாலும் நிறுவனத்தின் பதிவு அழியாது.

பின்னர் பயணம். ஆம்பூரில் ஆள் அறிவார்கள் என்று அஞ்சி, வேலூருக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகிறவரின் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடத்தின் காலவரிசை குறித்துவைத்திருக்கலாம். 'பாதுகாப்புக்காக' என்று குடும்பத்தார் போட்டுவைத்த இருப்பிடப் பகிர்வு அவர் நின்ற இடத்தை அந்தக் கணமே காட்டிவிடும்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தால், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி எஃப் படிவம் நிரப்பப்படும். அதில் பெயர், முகவரி, கணவர் அல்லது தந்தை பெயர், பிள்ளைகளின் விவரம் எல்லாம் உண்டு. பெண் சிசுக் கொலைக்கு எதிரான நல்ல நோக்கத்தில் பிறந்த படிவம் அது. ஆனால் 2019இல், வட இந்திய மாநிலம் ஒன்றின் சுகாதாரத் துறைக்குரிய தரவுத்தளம் கடவுச்சொல்கூட இன்றி இணையத்தில் திறந்து கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் கண்டறிந்தார். கருவுற்ற பெண்கள் தொடர்பான 1.25 கோடிப் பதிவுகள் அதில் இருந்தன. இந்தச் சட்டத்தின் படிவங்களே அவற்றுள் பெரும்பகுதி. காக்கும் நோக்கில் திரட்டிய தரவு, காவலின்றி விடப்பட்டால் ஆபத்தாகிறது.

கடைசியாகப் பணமும் செய்தியும். யுபிஐ வழியே செலுத்தினால் மருத்துவமனையின் பெயர் வங்கிக் குறுஞ்செய்தியிலும் கணக்குப் புத்தகத்திலும் பதியும். ஆய்வக முடிவு இணைப்பாகக் குறுஞ்செய்தியில் வரும். நகலெடுக்கக் கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அறிக்கையை அனுப்பும் வழக்கம் நம் ஊர்களில் எங்கும் உண்டு. அந்த அறிக்கை அக்கடையின் கணினியில் எத்தனை நாள் கிடக்கும் என்று எவரும் கேட்பதில்லை.

மாதவிலக்கு நாள்காட்டிச் செயலிகள் தனிக்கதை. உலகெங்கும் பல கோடிப் பேர் பயன்படுத்தும் ஃபுளோ செயலி, பயனர்களின் தகவல்களை விளம்பர நிறுவனங்களுக்குப் பகிர்ந்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டி 2021இல் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்த பின், இத்தகைய தரவு வழக்குச் சான்றாகலாம் என்ற அச்சம் அங்கே பரவியது. நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு தாயும் மகளும் தமக்குள் அனுப்பிய முகநூல் செய்திகள் நீதிமன்ற ஆணையின் பேரில் காவல்துறைக்குத் தரப்பட்டு வழக்கில் பயன்படுத்தப்பட்டன.

அமெரிக்கப் பெண்ணின் அச்சம் முதன்மையாக அரசைக் குறித்தது. நம் பெண்ணின் அச்சம் முதலில் வீட்டையும் ஊரையும் குறித்தது. ஆயினும் அரசும் விலகி நிற்கவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவு கருச்சிதைவு செய்விப்பதை இன்றும் குற்றமாகவே வைத்திருக்கிறது. கருக்கலைப்புச் சட்டம் அதற்கு ஒரு விதிவிலக்கு மட்டுமே. தானே மருந்து வாங்கி உட்கொண்ட பெண் இந்த நிழலில்தான் நிற்கிறார்.

மருந்துத் தட்டுப்பாடும் இணையத் தேடலும்

இந்தியாவில் 2015இல் 1.56 கோடிக் கருக்கலைப்புகள் நடந்ததாகவும், அவற்றுள் 73 விழுக்காடு மருத்துவமனைகளுக்கு வெளியே மருந்துகள் மூலம் நடந்ததாகவும் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் தமிழகத்தில் அம்மருந்து கிடைப்பது அரிது. எஃப்.ஆர்.எச்.எஸ். இந்தியா அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வில், தமிழகத்தில் சுமார் 2 விழுக்காட்டு மருந்துக் கடைகளே அம்மருந்துகளை இருப்பில் வைத்திருந்தன. சட்டம் அனுமதித்த மருந்து கடையில் இல்லாதபோது, தேடல் இணையத்துக்கும் அறிமுகமற்ற இடைத்தரகருக்கும் நகர்கிறது. அத்தரகர் ஆதார் நகலும் படமும் கேட்டால், பின்னர் மிரட்டுவதற்கு அதுவே கருவியாகலாம்.

இதற்கு நாம் சொல்லக்கூடிய பாதுகாப்பான விடை ஒன்றே: ஒன்பது வாரம் வரை மருந்து மூலம் கருக்கலைப்பு செய்வதற்கு விதிகள் இடமளிக்கின்றன, அதைத் தகுதி பெற்ற மருத்துவரின் சீட்டோடு பெறுவது பெண்ணின் உரிமை. ஏற்கெனவே மருந்து உட்கொண்ட ஒருவருக்கு, மணிக்கு இரண்டு அணையாடைகள் நனையும் அளவில் தொடர்ந்து இரண்டு மணி நேரம் இரத்தப்போக்கு இருந்தாலோ, காய்ச்சலோ கடும் வயிற்றுவலியோ மயக்கமோ வந்தாலோ, தடயம் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உயிருக்குப் பின்னரே அந்தரங்கம்.

கைபேசியில் செய்யத்தக்கவை

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழகத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குப் பெண்கள் தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கின்றனர். 'தாமே பயன்படுத்தும்' என்பதற்குத் 'தாம் மட்டுமே பயன்படுத்தும்' என்று பொருளில்லை. பிள்ளை விளையாடவும் கணவர் பணம் அனுப்பவும் கைமாறும் கைபேசி அது. எனவே நகர்ப்புறக் கையேடுகளின் அறிவுரையை அப்படியே பெயர்த்தால் பயனில்லை. இவ்வட்டாரச் சூழலுக்குப் பொருந்துவனவற்றை வரிசைப்படுத்துகிறோம்.

1. தேவை இல்லாத இடத்தில் கைபேசியே வேண்டாம். முதல் ஆலோசனைக்கு 104 மருத்துவ உதவி எண்ணை நம்பிக்கைக்குரிய தோழியின் கைபேசியிலிருந்து அழைக்கலாம். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் கைபேசியை வழக்கமான இடத்திலேயே விட்டுச் செல்வது சிலருக்கு ஏற்றது. ஆனால் தனியே செல்பவர் அவசரத்துக்கு வழியில்லாமல் நிற்கலாகாது. துணைக்கு ஒருவர் உடனிருக்க வேண்டும்.

2. தேடலுக்கு உலாவியின் மறைநிலைச் சாளரத்தைப் பயன்படுத்துக. அது கைபேசியில் வரலாறு சேராமல் தடுக்கும். தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து மறைக்காது. கூகுள் கணக்கின் 'என் செயல்பாடு' பக்கத்தில் தேடல், யூடியூப் வரலாறுகளைத் தனித்தனியே நீக்கலாம். தானாக அழியும்படியும் அமைக்கலாம்.

3. கூகுள் கணக்கில் எந்தெந்தக் கருவிகள் உள்நுழைந்துள்ளன என்று பார்த்து, அறியாதவற்றை வெளியேற்றுக. வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியையும் அவ்வாறே பார்க்க வேண்டும். கையில் ஒரு நிமிடம் கைபேசி கிடைத்தால் போதும், வேறொருவர் தம் கணினியில் அந்த வாட்ஸ்அப்பைத் திறந்துகொள்ளலாம்.

4. வாட்ஸ்அப் உரையாடலுக்குத் 'தானே மறையும் செய்தி' வசதி உண்டு: 24 மணி நேரம், 7 நாள், 90 நாள். வந்த படங்கள் தாமாகப் படத்தொகுப்பில் சேர்வதை நிறுத்திவைக்க வேண்டும். கூகுள் கணக்கில் சேமிக்கப்படும் காப்புநகலுக்குக் கடவுச்சொல் இட்ட மறையாக்கத்தை நாமே தேர்ந்தெடுத்தால்தான் உண்டு.

5. பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதவாறு அறிவிப்புகளை மாற்றுக. மருத்துவமனையின் எண்ணை வேறு பெயரில் சேமிப்பதைவிடச் சேமிக்காமல் இருப்பதே நன்று. அழைப்பாளர் பெயர் காட்டும் செயலிகள் உண்மைப் பெயரைக் காட்டிவிடும்.

6. முடிந்தவரை ரொக்கமாகச் செலுத்துக. அறிக்கையைக் கையில் காகிதமாகக் கேட்டுப் பெறலாம். நகல் தேவையெனில் கடைக்காரருக்கு அனுப்பாமல் காகிதத்தைக் கொண்டுசெல்க. பழுதுபார்க்கக் கைபேசியைத் தரும்போது திரைப்பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டு வரலாகாது.

7. தொடர்புக்குக் கைபேசி எண் கேட்கப்பட்டால் எந்த எண்ணைத் தருகிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். கணவரின் எண்ணைத் தந்தால் செய்தியெல்லாம் அவருக்கே போகும்.

இவற்றுக்கு மேல் ஓர் எச்சரிக்கை. கண்காணிக்கும் கணவரோ உடன்பிறந்தாரோ இருக்கும் வீட்டில், ஒரே நாளில் வரலாறு முழுவதும் வெறுமையானால் அதுவே ஐயத்தைக் கிளப்பும். அன்றாடத் தேடல்களை விட்டுவிட்டுக் குறிப்பிட்டவற்றை மட்டும் நீக்குவதே பாதுகாப்பு. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையோ மின்வழித் தொடர்பையோ ஓர் ஆண் வேவு பார்ப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி பின்தொடர்தல் குற்றம் என்பதும் நம் தோழர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அழிக்கக் கூடாதவை

பாலியல் வன்முறையாலோ மிரட்டலாலோ கருவுற்ற பெண்ணுக்கு மேற்கூறிய அறிவுரை தலைகீழாகும். மிரட்டிய செய்தி, அழைப்புப் பட்டியல், படம் எல்லாம் சான்றுகள். அவற்றை அழிக்காமல், நம்பிக்கைக்குரிய வழக்கறிஞரிடமோ அமைப்பிடமோ படியெடுத்து ஒப்படைத்த பின்னரே கைபேசியைத் தூய்மை செய்வது பற்றி எண்ண வேண்டும். காவல்துறை கைபேசியைக் கைப்பற்றினால் கைப்பற்றுப் பட்டியலின் படியைக் கேட்டுப் பெற வேண்டும்.

பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு தண்டிக்கிறது. ஆயினும் கசிவு காவல்துறையிடமிருந்தே வந்ததைத் தமிழகம் இருமுறை கண்டது. 2019இல் பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயரைக் காவல் அதிகாரியே ஊடகங்களிடம் வெளியிட்டார்; அவருக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. மீண்டும் 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீட்டுக்கு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. சென்னை மாணவிக்குக் கிடைத்த நீதிமன்றக் கவனம், பேர்ணாம்பட்டின் காலனித் தெருப் பெண்ணுக்குக் கிடைக்கச் செய்வது இயக்கங்களின் வேலை.

ஆலை வாசலில்

விடுப்புக் கேட்கும் இடத்தில்தான் தொழிலாளிப் பெண்ணின் இரகசியம் முதலில் உடைகிறது. கருக்கலைப்புக்கோ கருச்சிதைவுக்கோ பின் ஆறு வார ஊதிய விடுப்பை 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் உறுதிசெய்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. ஈ.எஸ்.ஐ.யிலும் இப்பயன் உண்டு. ஆனால் அதற்கு மருத்துவச் சான்று காட்ட வேண்டும். பலர் காட்ட அஞ்சி, 'காய்ச்சல்' என்று சொல்லி ஊதியமின்றிக் கிடந்து, மூன்றாம் நாளே தையல் இயந்திரத்துக்குத் திரும்புகின்றனர்.

இங்கே அதிகம் அறியப்படாத ஒரு விதி துணைக்கு வருகிறது. 2003ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளின்படி, வேலைக்குச் செல்லும் பெண் கேட்டால் விடுப்புக்கான சான்றிதழை மருத்துவர் தர வேண்டும். அந்தத் தகவலை வேலையளிப்பவர் வேறெவருக்கும் வெளியிடலாகாது. மேற்பார்வையாளர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் சான்றிதழின் படத்தை இடச்சொல்வது இவ்விதிக்கு முரணானது. சான்றை மூடிய உறையில், மனிதவள அலுவலர் ஒருவரிடம் மட்டும் தருவோம் என்று கூறப் பெண்ணுக்கு உரிமை உண்டு.

வேலைக்கு எடுக்கும்போது மாதவிலக்கு, கருவுறுதல் பற்றிக் கேட்பதும் உரிமை மீறலே. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணிப் படிவத்தில் இத்தகைய கேள்விகள் இருந்தபோது, அவை பெண்ணின் மானத்துக்கு இழுக்கு என்று கூறி நீக்கும்படி 1991இல் நீரா மாத்தூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பணித்தது. பொதுத்துறை நிறுவனத்துக்கு எதிராகப் பெறப்பட்ட அத்தீர்ப்பின் உணர்வைத் தனியார் காலணி ஆலைகளுக்குள் கொண்டுசெல்ல, உள்ளகப் புகார்க் குழுக்களும் தொழிற்சங்கங்களும் முன்வர வேண்டும். தலித் அல்லாத ஒருவர் இத்தகவலைக் கொண்டு தலித் பெண்ணைப் பொதுப் பார்வையில் இழிவுபடுத்தினால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவை நாடவும் இடமுண்டு.

அரசின் பதிவேடுகள்

தமிழகத்தில் கருவுற்ற பெண்கள் பிக்மி தளத்தில் பதிவு செய்யப்பட்டு 12 இலக்க எண் பெறுகின்றனர். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் அந்த எண் தேவை. தாய்சேய் இறப்பைக் குறைக்க இத்தொடர் கண்காணிப்பு உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிள்ளை பெற விரும்பாத பெண்ணுக்கு அதே கண்காணிப்பு சுமையாகலாம். பதிவு செய்த எண்ணுக்கு அழைப்பும் வீட்டுக்குச் செவிலியரின் வருகையும் தொடரும். 'கரு என்னவாயிற்று' என்ற கேள்வி மாமியார் முன்னிலையில் எழும். நடுவண் அரசின் தாய்சேய்த் தொடர் கண்காணிப்பு அமைப்பை ஆராய்ந்து பெங்களூருவின் இணையம் மற்றும் சமூக மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வும் இத்தகைய தரவுத்தளங்களின் அந்தரங்கச் சிக்கல்களை எழுப்பியது.

நினைவிற் கொள்ள வேண்டியது: கருக்கலைப்புச் சட்டத்திலோ விதிகளிலோ பிக்மி எண்ணோ ஆதாரோ கட்டாயம் என்று எங்கும் இல்லை. பெண்ணின் ஒப்புதலுக்குரிய சி படிவமே போதும். 14 இலக்க ஆபா உடல்நலக் கணக்கும் விருப்பத்தின்பாற்பட்டதே. புறநோயாளிச் சீட்டு விரைவில் கிடைக்கும் என்பதற்காக, குடும்பத்தார் வைத்திருக்கும் எண்ணோடு இணைந்த ஆபாவைப் பயன்படுத்தினால், வருகை விவரம் அந்த எண்ணுக்கே போய்ச் சேரலாம். காகிதச் சீட்டுக் கேட்பது உரிமை.

18 வயதுக்கு உட்பட்டோர்

இளம்பெண்களின் நிலை மேலும் இறுக்கமானது. 18 வயது நிரம்பாதவருக்குக் காப்பாளரின் எழுத்து ஒப்புதல் வேண்டும். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. இந்த அச்சத்தால் மருத்துவமனையைத் தவிர்த்துப் போலி மருத்துவரை நாடும் ஆபத்து உண்டு. 2022 தீர்ப்பு இதற்கு ஒரு வழி கண்டது: சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவர் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றமும் 2023இல் இதை வலியுறுத்தியது. கல்லூரி முதலாண்டு மாணவியருள்ளும் 18 நிரம்பாதோர் உண்டு. மாணவர் அமைப்புகள் இத்தீர்ப்பின் தமிழாக்கத்தைக் கையில் வைத்திருப்பது நன்று.

கோரிக்கைகள்

பெண் ஒவ்வொருவரும் தம் கைபேசியைக் காத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. பகிர்ந்த கைபேசியும் குறைந்த கூலியும் உடைய ஒருவர் மீது முழுச் சுமையையும் ஏற்றுவது நீதியன்று. ஆகவே நாம் முன்வைப்பவை:

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் 5அ பிரிவும், கணவர் ஒப்புதல் தேவையில்லை என்ற அறிவிப்பும் தமிழிலும் உருதுவிலும் வைக்கப்பட வேண்டும். சீட்டு எழுதுவோர் முதல் தூய்மைப் பணியாளர் வரை அனைவருக்கும் இரகசியம் காக்கும் பயிற்சி தரப்பட வேண்டும். தொடர்பு எண் தருவதும், குறுஞ்செய்தி பெறுவதும் பெண்ணின் தெரிவாக்கப்பட வேண்டும். ஆலைகள் மருத்துவ விடுப்புச் சான்றை வாட்ஸ்அப் குழுக்களில் கேட்பதைத் தொழிலாளர் துறை தடைசெய்ய வேண்டும். சட்டம் அனுமதித்த மருந்துகள் மருந்துக் கடைகளில் இல்லாத நிலையை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை விளக்க வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாக ஏற்க வேண்டும்.

மீறல் நடந்தால் தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் 15100, பெண்கள் உதவி எண் 181, படம் அல்லது தகவலை வைத்து மிரட்டுவோர் மீது இணையக் குற்றப் பிரிவின் 1930 ஆகிய எண்களை நாடலாம். பட்டியல் சாதிப் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வழங்கியுள்ளது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைய அலுவலகத்துக்கு நேரில் சென்றும் மனு அளிக்கலாம். ஊர்தோறும், ஆலைதோறும் ஒரு பெண் தோழராவது இவ்விதிகளை அறிந்து, உடன் செல்லத் தயாராக இருப்பது முதல் தேவை. அப்படி ஒருவரை உருவாக்கும் பயிற்சிக்கு இக்கட்டுரையைப் படியெடுத்துப் பயன்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.